பொதுச்சொத்தாகும் பெயர்கள்

வியாபாரச் சின்னம் என்பது ஒரு பண்டத்தின் பெயரன்று. அப்பண்டம் இன்னாரிடமிருந்து வந்தது என்பதை வாங்குவோருக்கு உணர்த்தும் அடையாளமே அது. புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சர்க்கார் அளிக்கும் காப்புரிமை குறிப்பிட்ட ஆண்டுகளில் காலாவதியாகிவிட, சின்னமோ உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டு உபயோகத்தில் இருக்கும் வரையில் தலைமுறைகளைக் கடந்தும் நிலைக்க வல்லது. ஆயினும் அதற்கு ஓர் அபாயம் உண்டு. ஜனங்கள் உடையவரை மறந்து, அந்தப் பெயரைப் பண்டத்துக்கே சூட்டிவிட்டார்களாயின், போட்டியாளர் எவரும் அதைத் தம் சரக்கின் மேல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிடக்கூடும்.

ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1899இல் பதிவு செய்த 'ஆஸ்பிரின்' இதற்குப் பிரசித்தமான உதாரணம். அமெரிக்காவில் அம்மருந்தின் தூளைப் பேயரிடம் வாங்கிய பிறர் பல்லாண்டுகள் அதை மாத்திரையாக்கித் தத்தம் பெயரோடு விற்றுவந்தமையால், தலைவலிக்கு மாத்திரை கேட்ட சாமானியனுக்குப் பேயரைப் பற்றி ஏதும் தெரிய நியாயமில்லை; அசெட்டைல் சாலிசிலிக் அமிலம் என்னும் ரசாயனப் பெயரோ அவன் நாவில் நுழையக்கூடியதன்று. 1915இல் கம்பெனி தானே மாத்திரை செய்து தன் பெயர் பொறித்து விற்கத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. 1921இல் இப்பெயர் குறித்த வழக்கில் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹாண்ட், மருத்துவருக்கும் மருந்து வியாபாரிக்கும் ஆஸ்பிரின் இன்னும் பேயரின் சின்னமே, பொதுஜனத்துக்கோ அது மருந்தின் பெயராகிவிட்டது என்று சூட்சுமமாகப் பிரித்துத் தீர்ப்பளித்தார். கனடாவில் அச்சொல் இன்றளவும் பேயரின் உரிமையாகவே இருக்கிறது.

சில வேளைகளில் உடைமையாளரே தம் பெயருக்குக் கேடு சூழ்ந்துகொள்கின்றனர். மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் செய்யும் ஓடிஸ் கம்பெனி, தனக்குச் சொந்தமான 'எஸ்கலேட்டர்' என்னும் பெயரை எலிவேட்டர் என்னும் பொதுச்சொல்லுக்கு இணையாகத் தன் விளம்பரங்களிலும் காப்புரிமைப் பத்திரங்களிலும் எழுதிவந்தது; 1950இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அச்சின்னத்தை ரத்து செய்தபோது அந்த எழுத்துகளே எதிர்ச் சாட்சியாயின. வெந்நீர்க் குடுவையின் 'தெர்மாஸ்' என்னும் பெயரும், இல்லந்தோறும் வழங்குவதாக உடையவர் பெருமிதத்தோடு விளம்பரம் செய்த பின், 1963இல் அவ்வாறே பொதுவாகிப் போயிற்று.

இந்த அனுபவங்களைக் கண்டே பெரிய கம்பெனிகள் இன்று தம் பெயர்களைக் காவல் காக்கின்றன. பெயரை அடைமொழியாக முன்னே நிறுத்தி அதன் பின் பண்டத்தின் பொதுச்சொல்லையும் சேர்த்தெழுதுவது, வினைச்சொல்லாக வழங்குவோருக்குக் கடிதம் எழுதித் திருத்தக் கோருவது, அனுமதியின்றி அதைக் கையாளும் போட்டியாளர் மீது வழக்குத் தொடுப்பது ஆகியவை அக்காவலின் முறைகள். நகலெடுக்கும் செயலுக்குத் தன் பெயரை வழங்காதீர் என்று ஜெராக்ஸ் கம்பெனி பத்திரிகைகளில் விளம்பரங்கள் வெளியிட்டு மன்றாடியதுண்டு. நம்மூர்க் கடைகளிலோ வேறு கம்பெனியின் இயந்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டே வாசலில் 'ஜெராக்ஸ்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய கடிதங்களைப் பெறுவோருக்கு இது வெறும் அற்பச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் சின்னத்தின் உரிமையாளர் கண்டும் காணாதிருந்தால், அந்த மௌனமே பிற்பாடு வழக்கில் அவருக்கு விரோதமாகக் காட்டப்படும். அதே சமயம், ஒரு பண்டத்தைச் சுட்ட வேறு சொல்லே இல்லாத நிலையில் அச்சொல்லை ஒருவருக்கே விட்டுவைத்தால், மற்றவர் தாம் விற்பது இன்னதென்று சொல்லவும் வழியின்றிப் போகும். ஆகவே பண்டத்துக்கு எளிய பொதுப்பெயர் ஒன்றையும் முதலிலேயே உலகுக்குக் கொடுத்துவிடுகிற வியாபாரியே தன் சின்னத்தை நெடுங்காலம் காப்பாற்றிக்கொள்கிறான்.