உஷார்! இடித்துவிட்டு ஓடினால் லைசென்ஸும் போகும்

ஆடி வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகும் கூட்டம் சந்தவாசலில் வந்துதான் பிரிகிறது. பௌர்ணமி என்றால் வேலூர்ப் பக்கமிருந்து கிரிவலத்துக்குப் போகும் வண்டிகள் விடிய விடிய இதே சாலையில் பறக்கின்றன. நடுவில் ஜவ்வாது மலையடி ஊர்க்காரர்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர், பால் கேனோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒருவர், பின்விளக்கு எரியாத கரும்பு டிராக்டரில் இன்னொருவர். இப்படிப்பட்ட ரோட்டில் எந்த நொடியும் எதுவும் நடக்கலாம். நடந்துவிட்டால், அடுத்த நொடியில் ஓட்டுநர் என்ன முடிவெடுக்கிறார் என்பதைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை.

‘யாரும் பார்க்கலை, எடுத்துட்டு போயிடலாம்’ என்று தோன்றும். வண்டியில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். கேட்காதீர்கள்! பெட்ரோல் பங்கில், டீக்கடையில், மளிகைக்கடை வாசலில் என்று எங்கும் கேமரா. உடைந்த ஹெட்லைட் சில்லும் பம்பரில் ஒட்டிய பெயிண்டும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும். பிடிபட்டபின் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரியாமல் நடந்திருந்தால் ஏன் ஓடினாய் என்பதுதான் முதல் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்வது மூன்றே காரியங்கள். அடிபட்டவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். போலீஸ் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும்; போலீஸ் அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு முடிந்தவரை சீக்கிரமாகவும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் 187-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய். மோதியதற்கான வழக்கு தனி. இது ஓடியதற்கு மட்டும்.

‘ஐயாயிரம்தானே’ என்று அலட்சியமாக நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பொதுமக்களுக்குத் தொல்லை, ஆபத்து என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆம் விதி பட்டியல் போட்டிருக்கும் செயல்களில், 134-ஆம் பிரிவை மீறுவதும் ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள எதைச் செய்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்கீழ், லைசென்ஸ் வழங்கும் அதிகாரியான ஆர்.டி.ஓ.வே அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு முடக்கலாம். அடியோடு ரத்தும் செய்யலாம். கோர்ட்டில் தீர்ப்பு வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் விளக்கத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்து உத்தரவு போட்டால் போதும். எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் 2019 திருத்தம் வழிசெய்திருக்கிறது. கேஸ் இழுக்கும், வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்ற பழைய கணக்கு இங்கே உதவாது.

ஆர்.டி.ஓ. அந்த அளவுக்குப் போவாரா என்று கேட்பவர்கள், யூடியூபர் டி.டி.எஃப். வாசனை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே பைக்கில் சாகசம் செய்யப்போய் விழுந்தார். அடிபட்டதும் அவர்தான், அடுத்தவர் மேல் மோதவில்லை. அதற்கே காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அவருடைய லைசென்ஸை 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்தார். ஒரு உயிரை ரோட்டில் போட்டுவிட்டு ஓடுபவருக்கு அதைவிடக் கருணை எதற்கு?

‘இங்கே போனால் என்ன, சித்தூரில் போய் எடுத்துக்கலாம்’ என்று சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. சாரதி என்ற ஒரே தளத்தில் நாடு முழுக்கப் பதிவுகள் இருக்கின்றன. தகுதி நீக்கக் காலத்தில் வேறெங்கும் லைசென்ஸ் வாங்கவும் முடியாது. மீறி ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்போது இன்னொரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்களிடமிருந்து வசூலிக்கக் கிளம்பும். வாடகைக் கார், லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ் போனால் அடுப்பே அணைந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பத்து வருஷம் ஜெயில்’ செய்தியையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர்ப்பலி ஏற்படுத்தி, தகவல் சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு கூறுகிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியது இதை எதிர்த்துத்தான். அதே ஆண்டு ஜூலை 1-இல் சட்டம் அமலுக்கு வந்தபோது, இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் 106(1) அமலில் இருக்கிறது: கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் அது 2 ஆண்டாக இருந்தது.

கூட்டம் சேர்ந்து அடிக்குமே என்ற பயம் பொய்யில்லை. சட்டமே அதைப் புரிந்துகொண்டு, ஆத்திரக் கும்பலிடம் சிக்கும் நிலையில் அடிபட்டவரை உடனிருந்து கவனிக்கும் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் தகவல் சொல்லும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. நிற்க முடியாவிட்டால் 108-ஐ அழைத்துக்கொண்டே நேராக சந்தவாசல் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே வேலூர்ச் சாலையில்தான் இருக்கிறது. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். தூக்கிப்போய்ச் சேர்க்கும் வழிப்போக்கரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. மகன் ஓட்டியதற்கு டிரைவரை ஆஜர்படுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்; இரண்டு பேரும் உள்ளே போவீர்கள்.

அடிபட்ட குடும்பங்களும் உஷாராக இருக்க வேண்டும். மோதிய வண்டி கடைசிவரை கிடைக்காவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் உண்டு. 2022-இல் நாடெங்கும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23-இல் நிவாரணம் கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205! கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கொடுமையைச் சுட்டிக்காட்டியது. ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியவில்லையென்றால், இந்த நிவாரணத் திட்டம் பற்றி போலீசே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அந்தக் கடிதம் வரவில்லையென்றால் ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள். மனுவைக் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் நீங்களே கொடுங்கள். ‘நான் வாங்கித் தர்றேன்’ என்று நடுவில் வருபவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.