புரிமணை முதல் குவளைத்தாங்கி வரை

பெரிய தேரின் ஓட்டத்திற்குச் சிறிய அச்சாணியே உறுதுணை என்பதை வள்ளுவர் வழி அறிந்தவர்கள் நாம். ஆயினும் அன்றாட வாழ்வில் நாம் கையாளும் சிறு பொருள்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மகிழுந்தின் பொறியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவோர், இரு இருக்கைகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிறு குழியைப் பற்றிப் பேசுவதில்லை. குவளையையோ குப்பியையோ தாங்குவதற்கென அமைந்த அக்குழியைக் குவளைத்தாங்கி என்று இக்கட்டுரையில் வழங்குவோம். உயரமான குவளைக்கும் குட்டையான குவளைக்கும் ஒருங்கே பொருந்துமாறு அதனை அமைப்பதில் எத்துணை அறிவியல் அடங்கியுள்ளது என்பதையும், அது பொருந்தாதபோது என்ன நேர்கிறது என்பதையும் இங்கே காண்போம்.

நம் முன்னோர் கண்ட தீர்வு

நம் வீட்டு மட்பானைகளின் அடிப்பகுதி உருண்டையானது. தரையில் வைத்தால் உருளும். அதற்கு நம் முன்னோர் கண்ட வழி புரிமணை. வைக்கோலைப் புரியாக முறுக்கி, வளையமாகச் சுற்றி, அதன்மேல் பானையை அமர்த்தினர். பேச்சு வழக்கில் இது பிரிமணை எனப்படும். இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். வைக்கோல் நெகிழும் தன்மையுடையது. பெரிய பானை வந்தால் விரிந்து கொடுக்கும். சிறிய பானை வந்தால் அதன் அடிப்பகுதி வளையத்துள் சற்று ஆழமாக இறங்கி அமரும். ஒரே தாங்கி பல அளவுகளுக்குப் பொருந்துகிறது. இன்றைய மகிழுந்துப் பொறியாளர் நெகிழியையும் வில்லையும் கொண்டு தேடுவது இந்தப் பண்பையே. வேறுபாடு ஒன்றுண்டு. அடுக்களைப் பானை அசையாத தரையில் நிற்கிறது. மகிழுந்துக் குவளையோ ஓடுகின்ற, திரும்புகின்ற, திடீரென நிற்கின்ற தரையில் நிற்கிறது.

குவளைத்தாங்கியின் வரலாறு

இதன் பிறப்பிடம் அமெரிக்கா எனலாம். 1933ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில், மகிழுந்தில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு தோன்றியது. வண்டியை விட்டு இறங்காமலே உணவு பெறும் உணவகங்களும் பெருகின. 1950களில் சில வண்டிகளில், முன்புறச் சிறு பேழையின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் குவளை வைப்பதற்கான ஆழமற்ற பள்ளங்கள் இருந்தன. 1957ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரூம் என்னும் உயர்விலை வண்டியில், அம்மூடியின்மேல் நிற்கக் காந்தம் பொருத்திய குவளைகளே வழங்கப்பட்டன. ஆயினும் அத்தகைய ஆழமற்ற பள்ளங்கள் நின்ற வண்டிக்கே உதவின. ஓடும் வண்டிக்கு உதவவில்லை.

1983ஆம் ஆண்டின் இறுதியில் கிறைஸ்லர் நிறுவனம் குடும்பங்களுக்கான சிறு கூண்டு வண்டியை அறிமுகப்படுத்தியபோது, குவளைக்கான குழிகள் வண்டியின் உடலோடு இணைந்தே வந்தன. அதன்பின் அவை படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் பரவின. 2018இல் விற்பனைக்கு வந்த சுபாரு அசென்ட் என்னும் வண்டியில் எண்மர் அமரலாம். ஆனால் குவளைக்கும் குப்பிக்கும் உரிய தாங்கிகள் 19.

தாங்கி பரவிய அதே காலத்தில் குவளையும் வளர்ந்தது. 1980இல் அமெரிக்கா முழுவதும் செவன் இலெவன் கடைகள் 32 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 946 மி.லி. கொள்ளும் குவளையில் குளிர்பானம் விற்கத் தொடங்கின. பின்னர் 44 அவுன்ஸ் குவளையும் 64 அவுன்ஸ் குவளையும் வந்தன. 64 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 1.9 லிட்டர். ஒரு சாதாரணக் குளிர்பானத் தகரக் குப்பி கொள்வதோ 12 அவுன்ஸ்தான். இவ்விரண்டையும் ஒரே குழி தாங்க வேண்டும் என்பதே வடிவமைப்பாளர் முன் நின்ற வினா.

சாய்வின் கணக்கு

ஒரு குவளை ஏன் சாய்கிறது? வண்டி திடீரென நிற்கும்போது குவளையின் அடிப்பகுதி வண்டியோடு நிற்கிறது. மேற்பகுதியோ முன்னோக்கிச் செல்ல முனைகிறது. குவளையின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதத்தக்க புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். அடிப்பகுதியின் ஆரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அக்குவளையின் தாங்கும் எல்லை. அடியின் ஆரம் 3.5 செ.மீ. எனவும், ஈர்ப்பு மையம் 12 செ.மீ. உயரத்தில் உள்ளது எனவும் கொள்வோம். விடை ஏறத்தாழ 0.29. அதாவது வண்டியின் வேகக் குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.29 பங்கைத் தாண்டினால், தனியே நிற்கும் அக்குவளை கவிழும். உலர்ந்த சாலையில் ஓட்டுநர் தடையை அழுத்தி மிதித்தால் இந்த அளவு 0.7 பங்கையும் தாண்டும். ஆகவே உயரமான குவளைக்குப் பக்கத் தாங்குதல் இன்றியமையாதது.

பக்கத் தாங்குதல் எவ்வளவு உயரம் வரை வேண்டும்? குழியின் விளிம்பு ஈர்ப்பு மையத்திற்கு மேலே இருந்தால், குவளையின் உந்துதலைச் சுவரே ஏற்றுக்கொள்கிறது. விளிம்பு கீழே இருந்தால் அவ்விளிம்பே நெம்புகோலின் சுழலிடமாக மாறி, குவளையைச் சாய்க்கத் துணைபோகிறது. குழியின் ஆழம் 7 செ.மீ. என்றால், மேற்சொன்ன குவளையின் ஈர்ப்பு மையம் விளிம்புக்கு 5 செ.மீ. மேலே நிற்கும்.

அவ்வாறாயின் குழியை ஆழமாக்கிவிடலாமே என்று மாணவர்கள் வினவலாம். 12 செ.மீ. ஆழத்தில் குழி அமைத்தால், 10 செ.மீ. உயரமுள்ள காப்பிக் குவளை அதனுள் முழுதும் மூழ்கிவிடும். விரல்களால் அதன் மூடியைப் பற்றித்தான் தூக்க வேண்டும். மூடி கழன்றால் சூடான காப்பி கையிலே கொட்டும். உயரமானதைக் காக்கும் ஆழம் குட்டையானதற்குப் பகையாகிறது.

அகலத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. குழியின் விட்டம் 9 செ.மீ., ஆழம் 7 செ.மீ., குப்பியின் விட்டம் 6.5 செ.மீ. என்றால், இடைவெளி 2.5 செ.மீ. அவ்விடைவெளியில் குப்பி 20 பாகைக்கு மேல் சாய இடமுண்டு. மேலும் காகிதக் குவளைகள் அடியில் குறுகி வாயில் அகன்றவை. நேரான சுவருள்ள குழியில் அவை ஓரிடத்தில் மட்டுமே தொட்டு நிற்கும். எஞ்சிய இடமெல்லாம் ஆட்டத்திற்கு வழிவிடும்.

வடிவமைப்பாளர் கண்ட வழிகள்

இச்சிக்கலுக்குப் பொறியாளர் பல வழிகளைக் கையாண்டுள்ளனர். அவற்றுள் முதன்மையானவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, படிக்குழி. மேலே அகன்ற வட்டமும் அதன் நடுவே கீழே குறுகிய வட்டமுமாக இரு படிகள் அமையும். அகன்ற குவளை மேற்படியிலும் ஒடுங்கிய குப்பி கீழ்ப்படியிலும் அமரும். அசையும் உறுப்பு ஏதும் இல்லாததால் பழுதாவதில்லை, செலவும் குறைவு. ஆனால் இரண்டு அளவுகளுக்கே பொருந்தும்.

இரண்டாவது, வில்விரல்கள். குழியின் சுவரிலிருந்து சிறு வில்களால் உந்தப்பட்ட விரல் போன்ற உறுப்புகள் உள்நோக்கி நீளும். குவளை நுழையும்போது அவை விலகி, பின் அதனைச் சுற்றிலும் பற்றிக்கொள்ளும். புரிமணையின் நேர் வழித்தோன்றல் இதுவே. வில் வன்மையாக இருந்தால் மெல்லிய காகிதக் குவளை நசுங்கும். மென்மையாக இருந்தால் நிறைந்த குப்பியைத் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே கலை.

மூன்றாவது, ஏறி இறங்கும் தளம். குழியின் அடித்தளமே இரண்டு மூன்று நிலைகளில் நிற்குமாறு அமைவது. குட்டைக் குவளைக்குத் தளம் மேலே வரும். உயரமான குப்பிக்குக் கீழே இறங்கும். ஆழம் பற்றிய முரண்பாட்டுக்கு நேரான தீர்வு இது. ஆயினும் கீழே இடம் வேண்டும். அவ்விடத்திற்குப் பற்சக்கரப் பெட்டியும் கம்பிகளும் போட்டியிடுகின்றன.

நான்காவது, உயரும் வளையம். தளம் இறங்க இடமில்லாதபோது விளிம்பே மேலெழுகிறது. குழியைச் சுற்றியுள்ள வளையத்தை உயர்த்தினால் அது குவளையின் நடுப்பகுதியைப் பற்றும். அடியில் ஓரிடமும் நடுவில் ஓரிடமுமாக இரு தாங்கல்கள் கிடைப்பதால் உயரமான குவளை ஆடாது நிற்கும். பயன்படுத்தாதபோது வளையம் தாழ்ந்து மறையும்.

கடைகளில் தனியே விற்கும் விரிதாங்கியையும் குறிப்பிட வேண்டும். அதன் அடியைக் குழியில் வைத்துத் திருகினால் இரப்பர் இதழ்கள் விரிந்து இறுகும். மேலே அகன்ற கிண்ணம் அமையும். அகலச் சிக்கலை இது தீர்க்கிறது. ஆனால் குவளை முழுவதையும் மேலே தூக்கி வைப்பதால், உயரச் சிக்கலை மிகுவிக்கவும் கூடும்.

வடிவமைப்பாளர் கருத வேண்டியவை இவ்வளவுடன் முடிவதில்லை. உயரமான குவளை பற்சக்கரக் கோலை நகர்த்தும் கைக்குத் தடையாகக் கூடாது. குளிர்காற்று வரும் வாயிலை மறைக்கக் கூடாது. மோதல் நேர்ந்தால் உடைந்த விளிம்பு உடலைக் கிழிக்கக் கூடாது. சிந்திய இனிப்பு நீர் வில்களில் ஒட்டி இறுகிவிடும் என்பதால், உட்புற உறை கழற்றிக் கழுவத்தக்கதாக இருத்தல் நலம்.

பொருந்தாமையின் விலை

இவையெல்லாம் வசதியைப் பற்றிய செய்திகள்தாமே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி தேவையா என்று பெரியோர் கேட்கக்கூடும். இரு நிகழ்ச்சிகளை அவர்கள் முன் வைக்கிறோம்.

1992இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில், 79 வயது மூதாட்டி ஒருவர் உணவகத்தின் வண்டிச் சாளரத்தில் காப்பி வாங்கினார். பேரன் வண்டியை நிறுத்தியிருந்தார். அவ்வண்டியில் குவளைத்தாங்கி இல்லை. சர்க்கரை சேர்ப்பதற்காகக் குவளையை முழங்கால்களுக்கிடையே வைத்து மூடியைத் திறந்தபோது காப்பி முழுவதும் கொட்டியது. 80 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் விற்கப்பட்ட காப்பி அது. தோலின் முழு ஆழத்தையும் அழிக்கும் மூன்றாம் நிலைத் தீப்புண் ஏற்பட்டு, தோல் ஒட்டு அறுவை செய்ய நேர்ந்தது. 1994இல் நடுவர் குழு மூதாட்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தனை சூட்டில் விற்றதே வழக்கின் மையம். எனினும் குவளையை வைக்க ஓர் இடம் இருந்திருந்தால் என்னும் எண்ணம் எழாமல் இல்லை.

மற்றொன்று வானில் நிகழ்ந்தது. 2019 பிப்ரவரியில் பிராங்க்பர்ட்டிலிருந்து மெக்சிகோ நாட்டின் கான்கூன் நோக்கிச் சென்ற ஏர்பஸ் ஏ330 விமானத்தில், விமானியின் காப்பி கவிழ்ந்து ஒலித்தொடர்புக் கருவியின்மேல் கொட்டியது. கருவி சூடேறிப் புகைந்தது. 326 பயணிகளுடன் விமானம் அயர்லாந்தின் ஷானன் நிலையத்திற்குத் திரும்பியது. விமானி அறையில் குவளைத்தாங்கி இருந்தது. ஆனால் அவ்வழித்தடத்தில் தரப்பட்ட குவளைகளை அதில் வைப்பதும் எடுப்பதும் கடினமாக இருந்ததால் விமானிகள் அதனைப் பயன்படுத்தத் தயங்கினர் என்பதை பிரிட்டன் விமான விபத்து ஆய்வுக் கிளை கண்டறிந்தது. பின்னர் அந்நிறுவனம் தாங்கிக்குப் பொருந்தும் குவளைகளை வழங்கியது. தாங்கி இருந்தும் பொருத்தம் இல்லையெனில் பயனில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் சாலைகளிலும் இக்கவலை உண்டு. தாங்கியில் அடங்காத தண்ணீர்க் குப்பியை இருக்கையின்மேல் போட்டுவிட்டுப் பயணம் செல்வது நம்மிடையே வழக்கம். அது உருண்டு ஓட்டுநரின் தடைமிதிக்கு அடியில் புகுந்தால், மிதி இறங்காது, வண்டி நிற்காது. குப்பிக்கு உரிய இடம் தருவது உயிருக்குக் காவல் தருவதே ஆகும்.

குவளையும் வளைந்து கொடுத்தது

இவ்வரலாற்றின் சுவையான பகுதி ஒன்றுண்டு. தாங்கி மட்டுமே குவளைக்காக மாறவில்லை. குவளையும் தாங்கிக்காக மாறியது. மேலே சொன்ன 64 அவுன்ஸ் குவளை பெரும்பாலான வண்டிகளின் குழியில் அடங்காமையால், பிற்காலத்தில் 50 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. அண்மையில், குறிப்பாக 2023இல், அமெரிக்க இளைஞரிடையே பெரிதும் பரவிய ஸ்டான்லி நிறுவனத்தின் 40 அவுன்ஸ் குவளை, மேலே அகன்றும் அடியில் குறுகியும் அமைந்தது. மகிழுந்தின் குழியில் அமர வேண்டும் என்பதற்காகவே அவ்வடிவம்.

ஆக, நல்ல வடிவமைப்பு என்பது ஒருவழிப் பாதையன்று. தாங்குவதும் தாங்கப்படுவதும் ஒன்றையொன்று அறிந்து இணங்கும்போதே நிலைபேறு உண்டாகிறது. வைக்கோற் புரி முறுக்கிய நம் பாட்டிமார் கற்காமலே அறிந்திருந்த உண்மை இது. பொறியியல் பயிலச் செல்லும் மாணவர்கள், பெரும் பாலங்களையும் விண்கலங்களையும் கனவு காண்க. அவற்றோடு, ஒரு முதியவரின் நடுங்கும் கை நாளை எந்தக் குழியில் தன் குவளையை வைக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க. அவ்வெண்ணம் இருக்குமாயின், அவர்கள் அமைக்கும் எப்பொருளும் பிறர்க்குப் பயன்படும் என்பது நம் உறுதி.