உங்களுக்குத் தெரியுமா? இயேசு யார் என்பதற்கு ஐந்து சாட்சிகள்

பண்டைய யூதச் சட்டத்தில் ஒரே ஒருவரின் சாட்சியம் செல்லாது. இரண்டு அல்லது மூன்று பேர் சான்று பகர வேண்டும் (இணைச் சட்டம் 19:15). யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் இந்த விதியின் பின்னணியில் அமைந்தது.

எருசலேமில் பெத்சதா குளத்தருகே, 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். எதிர்ப்பு எழுகிறது. தமக்குத் தாமே சொல்லும் சாட்சி போதாது என்று ஏற்கும் இயேசு, பிற சாட்சிகளை முன்வைக்கிறார்:

• திருமுழுக்கு யோவான் (5:33–35): எரிந்து ஒளிரும் விளக்கு எனப் போற்றப்படுபவர்.

• செயல்கள் (5:36): செய்துமுடிக்குமாறு தந்தை ஒப்படைத்தவை, யோவானின் சான்றைவிட மேலானவை.

• தந்தை (5:37): இயேசுவை அனுப்பியவரே அவருக்குச் சான்று பகர்கிறார்.

• மறைநூல்கள் (5:39): நிலைவாழ்வைத் தேடி எதிராளிகள் ஆராய்ந்துவந்த அதே நூல்கள்.

• மோசே (5:45–46): எதிராளிகள் நம்பியிருந்த இவரே அவர்கள்மீது குற்றம் சுமத்துவார், இயேசுவைப் பற்றியே எழுதினார் என்கிறது நற்செய்தி.

பின்னர் 15:26–27 பகுதியில் தூய ஆவியாரும், தொடக்கமுதல் இயேசுவுடன் இருந்த சீடர்களும் சாட்சிகளாகச் சேர்க்கப்படுகின்றனர்.