பாயின் மேல் உட்கார்ந்து பாய் நெய்தல்

ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் பெற்றோர் தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, "எங்க உம்மா சும்மாதான் இருக்காங்க டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாய் நெய்வாங்க" என்றாள்.

பத்தமடைப் பக்கம் இது புதிதல்ல. வீட்டுக்குள் பெண்கள் செய்யும் நெசவு பிள்ளைகள் கணக்கில் வேலையாக வருவதில்லை. அந்தப் பாய்க்குத்தான் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறுவாரம் நெசவையே பாடமாக எடுத்தேன்.

தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைக்கிறார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கீறுகிறார்களோ அவ்வளவு நயமாகப் பாய் அமையும். பட்டுப்பாய் என்று பெயர் வாங்குவது மிக மெல்லிய ரகம். அதற்கு வாரக்கணக்கில் உழைப்பு. கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரும் நெசவிலேயே வரும்.

தறி மிக எளியது. தரையில் முளை அடித்து, இரண்டு மூங்கில்களுக்கு இடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டுவார்கள். நடுவே மூங்கில் முக்காலியில் அச்சு தொங்கும். அச்சை ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்றுவிட்டு ஒரு நூல் மேலே எழும். அந்த இடைவெளியில் நீளக் குச்சியால் கோரையைச் செலுத்தி, அதே அச்சால் நெருக்கி அடிக்க வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் மற்ற நூல்கள் எழும். மிதி கிடையாது.

பக்கத்து ஊரான வீரவநல்லூரில் சேலை நெய்யும் குழித்தறியைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அங்கே நெசவாளி குழியில் காலை விட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். நெய்த துணி உருளையில் சுற்றிக்கொள்ளும். பாய்த் தறியிலோ பாவு அசையாது. நெய்பவர்தான் நெய்து முடித்த பாயின் மேலேயே உட்கார்ந்து முன்னால் நகர்ந்து போகிறார். எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். ஆனால் ஏன் என்று நானே அதுவரை யோசித்ததில்லை.

இதே சிக்கலுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். கானா நாட்டில் குமாசி நகருக்கு அருகே பொன்வீரே என்ற ஊர் கென்டே துணிக்குப் பேர்பெற்றது. அங்கே பாவு பல அடி தூரம் நீண்டு கிடக்கும். அதன் கடைசி முனை கல் ஏற்றிய ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். கல்லின் பாரம் நூலை விறைப்பாக வைத்திருக்கும். நெய்ய நெய்யக் கல் தரையில் இழுபட்டு நெசவாளியை நோக்கி வரும். சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாகத் தைத்துப் பெரிய துணியாக்குவார்கள். கல் நகர்ந்து வரும் என்றதும் வகுப்பே சிரித்தது; உராய்வு விசையை அன்று தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

கென்டே நெசவுக் கலையை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அதே வடிவத்தை ஆலையில் அச்சடித்த மலிவுத் துணி சந்தையில் நிறைந்து கிடக்கிறது. நமக்கோ பிளாஸ்டிக் பாயும், விசைத்தறிக் கோரைப்பாயும். கைப்பாய்க்குப் பெயர் இருக்கிறது, கூலிதான் அந்த அளவுக்கு இல்லை.

வகுப்பில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ஓரங்களில் கீறல் போட்டு, சணல் கட்டித் தறி செய்தோம். ஊடைக்குத் தென்னங்கீற்று. பிறகு வீட்டுப் பாயில் அளவுகோலை வைத்து, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை கோரை என்று எண்ணிவரச் சொன்னேன். 6 கோரை என்றால் 180 சென்டிமீட்டர் பாய்க்கு 1080 முறை குச்சி போய்வர வேண்டும். பட்டுப்பாய்க்கு இது பல மடங்கு. பெருக்கிப் பார்த்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த மாணவிதான் எழுந்தாள். "உம்மாவுக்கு முழங்கால் வலி டீச்சர். நாற்காலியில உக்காந்து நெய்யுற மாதிரி தறி செய்ய முடியாதா?"

அறிவியல் கண்காட்சிக்கு இப்போது அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறோம். மூங்கில் சட்டத்தை இடுப்பளவு உயர்த்திவிட்டோம். பாவை இழுத்துக் கட்டினால் நடுவில் மூங்கில் வளைந்து நூல் தொய்கிறது. கல்லைக் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான்.