அடிக்கும் முன் வாலைப் பாருங்கள்

வெள்ளிமலையிலோ கள்ளக்குறிச்சி நகரிலோ வீட்டு ஓட்டிலிருந்து ஒரு வௌவால் கீழே விழுந்துவிட்டால் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். துடைப்பத்தால் அடிக்கிறார்கள், இல்லையென்றால் வெறுங்கையால் தூக்கிப் பிடித்துச் செல்போனில் படமெடுக்கிறார்கள். இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தும்கூட.

விழுந்தது எது என்று எட்ட நின்றே பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் உடல், கருப்புத் தோய்ந்த பழுப்பு மயிர், சுருக்கம் விழுந்த தடித்த மேலுதடு, முகத்தின் மேல் முன்னோக்கிக் கவிந்த பெரிய காது, நீண்டு ஒடுங்கிய இறக்கை. முக்கிய அடையாளம் வால். பின்னங்கால்களுக்கு இடையிலுள்ள சவ்வைத் தாண்டி, தடித்த வால் பாதியளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதுதான் 'ஃப்ரீ டெயில்டு' வௌவால். தமிழ்நாட்டில் இதன் எகிப்திய வகை உண்டு. எலிவால் வௌவாலோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். அதன் வால் நூல்போல மெலிந்து, ஏறக்குறைய உடம்பின் நீளத்துக்கே இருக்கும். மூக்கில் இலைபோல் மடிப்பு இருந்தால் அது வேறு இனம்.

பாறை வெடிப்பும் சுவர் விரிசலும் ஃப்ரீ டெயில்டு வௌவாலின் வீடு. பூச்சிதான் இரை, பழத்தைத் தொடாது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பேசப்பட்டது பெரிய பழந்தின்னி வௌவால். அந்தப் பழியை இந்தச் சின்னப் பிராணியின் தலையில் கட்டிப் பொந்தில் புகை போடுவது மடமை. தரையில் விழுந்தால் இது எளிதில் மேலெழும்பாது. அட்டைப்பெட்டியால் மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகி எடுத்து, இருட்டிய பின் உயரமான சுவரில் ஏற்றிவிடுங்கள். கையால் தொடாதீர்கள்.

கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் "வௌவால் கடித்தது" என்றே சொல்லுங்கள். "ஏதோ பூச்சி" என்று மழுப்பாதீர்கள். வௌவாலால் மனிதருக்கு வெறிநோய் வந்ததாக இந்தியாவில் உறுதியாக நிறுவப்படவில்லை என்பது உண்மை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் வௌவாலின் நேரடித் தொடர்பை மூன்றாம் வகையில், அதாவது மிகத் தீவிர வகையில் வைத்திருக்கிறது. ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். தோலில் போடும் தடுப்பூசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். மூன்றோடு நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

இனிச் சட்டம். 2025 ஜூலையில் பக்கத்துச் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே, வௌவாலை வேட்டையாடிக் கோழிக்கறி என்று விற்றதாக இருவரை வனத்துறை கைது செய்தது. வனவிலங்குச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒருகாலத்தில் பழந்தின்னி வௌவால்களைத் தள்ளிவைத்திருந்த 'தீங்குயிர்' பட்டியலே போய்விட்டது. காப்புக்காட்டுப் பாறையில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி தனிக் குற்றம்.

யாராவது பொந்தில் புகை போட்டால், வலை கட்டினால், கள்ளக்குறிச்சி மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதுங்கள். இடம், தேதி, நேரம், செல்போன் படம் இவை போதும். "இது எங்க வேலை இல்லை" என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளுவார்கள், தெரிந்ததுதான். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வெறும் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். பதிலே வராவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுச் சுவர் விரிசலை அடைக்க வேண்டுமா? அந்தியில் வௌவால்கள் எல்லாம் பறந்த பிறகு அடையுங்கள், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு. எச்சத்தைத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக் கூட்டுங்கள். அப்போதும் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.