படகு மோட்டார் மக்கர் செய்தால்



அலோர் காஜா, மஸ்ஜித் தானா, ஜாசின், மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்டங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஆறும் கடலும் அதிகத் தூரத்தில் இல்லை. வாரக் கடைசியில் நாலு பேர் சேர்ந்து, பங்கு போட்டு வாங்கிய சிறு படகில் லிங்கி ஆற்றிலோ கெசாங் ஆற்றிலோ தூண்டில் போடப் போவதுண்டு. அந்தப் படகின் பின்புறத்தில் தொங்கும் மோட்டார் பெரும்பாலும் பலர் கைமாறி வந்த பழைய மோட்டாராகவே இருக்கும். மலாய்க்காரர்கள் இதை 'எஞ்சின் சங்குட்' என்பார்கள். மாட்டி வைக்கும் எஞ்சின் என்று பொருள்.

கரையில் நிற்கும்போது மோட்டார் ஓடாவிட்டால் அது ஒரு தொல்லை மட்டுமே. லிங்கி ஆற்று முகத்துவாரத்தில், நீர் வற்றும் நேரத்தில் நின்றுவிட்டால் கதை வேறு. ஆற்று நீர் படகை மலாக்கா நீரிணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். லிங்கி முதலைகள் உள்ள ஆறு. ஆகையால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. எனவே கோளாறைக் கரையிலேயே கண்டுபிடிக்கப் பழகிக்கொள்வோம்.

பழைய படகு மோட்டார்களில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' வகை. நம் தோட்டங்களில் தோளில் மாட்டிப் புல் வெட்டுகிறோமே, அந்த மெஷினில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகை எஞ்சின்தான். இதில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது போல வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் சூடேறி இறுகி, மோட்டார் பாழாகிவிடும். ஐம்பதுக்கு ஒன்று என்பது பல மோட்டார்களின் கணக்கு. அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். சில பழைய மோட்டார்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது 400 மில்லிலிட்டர் தேவைப்படும். மோட்டாரின் கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு. படகு மோட்டாருக்கென்று விற்கும் எண்ணெயையே வாங்க வேண்டும்.

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, உள்ளே நல்ல அமுக்கம். இந்த மூன்றில் எது குறைகிறது என்று பார்ப்பதே பழுது பார்க்கும் வேலையின் முதல் படி.

மோட்டார் கிளம்பவே இல்லையா? காசு செலவில்லாதவற்றை முதலில் பார்ப்போம். கியர் நடுவில் இருக்கிறதா? எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி அதனிடத்தில் மாட்டியிருக்கிறதா? தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பிறகு குழாயின் நடுவே உள்ள ரப்பர் குமிழை அழுத்துவோம். சில அழுத்தலில் அது கெட்டியாக வேண்டும். எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது குமிழின் வால்வு போய்விட்டது.

அடுத்து, கயிற்றைச் சில முறை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியில்தான் சந்தேகம். அப்போது தொட்டியைத் தூரத்தில் வைத்து, பிளக் இருந்த துவாரத்தைத் துணியால் மூடிவிட்டு, பிளக்கை அதன் தொப்பியில் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து, கயிற்றை இழுக்க வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது. பளிச்சென்று நீலப் பொறி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் முதலில் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறதா? காற்றுத் திருகை மறந்திருப்போம். தொட்டிக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. அது திறந்திருந்தும் நின்றால், நிற்கப் போகும் சமயத்தில் குமிழை அழுத்திப் பார்க்கலாம். உடனே எஞ்சின் தெளிந்து ஓடினால் பெட்ரோல் பம்ப்பையோ குழாயையோ கவனிக்க வேண்டும்.

மெதுவாக ஓடி, வேகம் கொடுத்தால் திணறுகிறதா? மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் போல் படிந்திருக்கும். அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தினால் அவை பெரிதாகிக் கெட்டுவிடும். கார்புரேட்டர் கழுவும் திரவமும் காற்றும் போதும். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய, தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்தால், தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லையா? எஞ்சினில் குற்றமில்லை. விசிறியைப் பிடித்திருக்கும் சிறு ஊசி மரக்கட்டையில் மோதி ஒடிந்திருக்கும். சில மோட்டார்களில் ஊசிக்குப் பதிலாக விசிறிக்குள் ரப்பர் புஷ் இருக்கும், அது வழுக்கலாம். மாற்று ஊசி இரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும்.

ஓடும்போது பின்பக்கம் பீய்ச்சும் நீர்த்தாரையைக் கவனிப்பது மிக முக்கியம். அது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர். நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். துவாரத்தில் அடைப்பு இல்லையென்றால், கீழே உள்ள நீர்ப்பம்ப்பின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். தண்ணீருக்கு வெளியே மோட்டாரை ஓட்டினால் அந்த இறக்கைகள் சீக்கிரமே கருகிவிடும்.

உப்பு நீரில் ஓடிய மோட்டாரை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய தோம்பில் இறக்கி, கியரை நடுவில் வைத்து, பத்து நிமிடம் ஓட்டுவோம். திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும்; புகையில் உயிரைக் கொல்லும் நச்சு வாயு உண்டு.

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தளர்வாக வந்தால், பிஸ்டன் வளையமோ கேஸ்கெட்டோ போயிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. மற்றவற்றைப் பார்த்துவிட்டுப் போனால், எங்கே பழுது என்று நாமே சொல்ல முடியும், வெள்ளியும் மிச்சமாகும்.

கடைசியாக ஒன்று. நன்றாக ஓடும் மோட்டாரும் ஒருநாள் நிற்கும். ஆளுக்கொரு மிதவைச் சட்டை, ஒரு ஜோடி துடுப்பு, நங்கூரம், கயிறு, மின்னேற்றிய கைப்பேசி, இவை இல்லாமல் படகை அவிழ்க்க வேண்டாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புவோம்.