முதற்பொருளும் கருப்பொருளும் – மண் கூறும் பாடம்

நிலமும் பொழுதும் முதற்பொருள்; அவற்றின்கண் வாழும் மரம், புள், விலங்கு முதலியன கருப்பொருள். இது தமிழிலக்கணம் கண்ட பாகுபாடு. நிலத்தின் இயல்புக்கேற்பவே மரம் வளரும் என்பது இதன் உட்பொருள். மரமும் புல்லும் மீண்டும் அந்நிலத்தை ஆக்குகின்றன என்பது மண்ணியல் தரும் கூடுதல் செய்தியாகும். தட்பவெப்பம், உயிரினங்கள், நிலக்கிடப்பு, மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் மண்ணை ஆக்கும் காரணிகள் என 1941இல் ஹான்ஸ் ஜென்னி என்னும் அறிஞர் விளக்கினார்.

நீலகிரியின் உயர்மலைப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். அங்கு மலைமடிப்புகளில் சோலைகளும் திறந்த சரிவுகளில் புல்வெளிகளும் அமைந்துள்ளன. மடிப்புகளில் நீரும் சருகும் தங்குகின்றன. சருகு மட்கிக் கருமையான மண்ணாகிறது. திறந்த வெளியிலோ, உறைபனியும் காற்றும் சோலைக் கன்றுகளைப் பெரும்பாலும் வளரவிடுவதில்லை. அங்கே புல்லின் வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணரிப்பைத் தடுக்கின்றன. மடியும் வேர்கள் மண்ணுக்கு உரமாகின்றன. சோலையும் புல்வெளியும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக வழங்குகின்றன.

இவ்வொழுங்கைக் குலைத்தது ஒரு மரம். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த வாட்டிலை மலைமக்கள் சீகை மரம் என்பர். விறகுக்கும், தோல் பதனிட உதவும் பட்டைக்குமாக 20ஆம் நூற்றாண்டில் அது புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டது. தோல் தொழிலோடு நெடுந்தொடர்புடைய நம் சமுதாயத்தார் பட்டையின் பயனை நன்கறிவர். அதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். இம்மரத்தின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணிற் சேர்த்து, புல்லுக்கு உரிய மண்ணின் இயல்பையே மாற்றுகின்றன. நிழலோ புல்லை நலிவிக்கிறது. வெட்டினாலும் தொல்லை தீர்வதில்லை. மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிய விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைக்கின்றன.

ஆகவே, சீகையை அகற்றுவது சீரமைப்பின் தொடக்கம் மட்டுமே. முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து களைதல் வேண்டும். சரிவில் அம்மலைக்குரிய புல்லையும், மடிப்பில் சோலை மரங்களையும் நட்டுப் பேணுதல் வேண்டும். மரம் நட்டாலே நிலம் செழிக்கும் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் விலங்கும் உண்பது அவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வரையாடு மேயும் சரிவில் புல்லை மீட்டுத் தருவதும் அத்தருமத்தின்பாற்பட்டதே. நிலமறிந்து நடுவோம்.